தானாக நிரம்பும் பெட்டி

எம்.ஏ. வரலாறு மூன்றாம் செமஸ்டர் முடிந்த பிறகு ஒவ்வொரு மாணவரும் எங்காவது போய் வேலை பழகிவிட்டு வர வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு என்று புதிய பாடத்திட்டம் சொன்னது. வேதியியல் படிப்பவர்கள் மருந்துக் கம்பெனிக்குப் போவார்கள். வணிகவியல் படிப்பவர்கள் ஆடிட்டரிடம் போவார்கள். வரலாறு படிப்பவர்களை எங்கே அனுப்புவது என்பதைப் பாடத்திட்டம் எழுதியவர்கள் சொல்லவில்லை. எங்கள் துறையிலும் யாருக்கும் தெரியவில்லை. ஓர் அருங்காட்சியகம் இரண்டு பேரை எடுத்துக்கொண்டது. போனவர்கள் பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார்கள். சுற்றுலா நடத்தும் ஒருவர் சிலரைக் கூட்டிப்போய்க் கிழக்கே கோட்டை வாசலில் நோட்டீஸ் கொடுக்க வைத்தார். மிச்சமிருந்த நான்கு பேருக்கு, ஊரை ஒட்டி கழக்கூட்டம் என்ற இடத்தில் இருந்த ஒரு மென்பொருள் கம்பெனி இடம் கொடுத்தது. அந்த நால்வரில் நான் ஒருத்தி.

ஒரு பழைய குடும்பத்தின் அறக்கட்டளை தன்னிடமிருந்த காகிதங்களையெல்லாம் படம் எடுத்து, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி செய்யச் சொல்லி அந்தக் கம்பெனியிடம் கொடுத்திருந்தது. அந்தக் குடும்பம் தலைமுறைகளாக ஒரு ஊட்டுப்புரையை, அதாவது வழிப்போக்கர்களுக்குச் சோறு போடும் சத்திரத்தை, நடத்தி வந்தது. அரிசி எவ்வளவு வந்தது, விறகு எங்கிருந்து வந்தது, எந்தச் சமையல்காரன் சொல்லாமல் போய்விட்டான் என்பதெல்லாம் அந்தக் காகிதங்களில் இருந்தன. பழைய மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்கும் தெரிந்த ஆட்கள் கம்பெனிக்கு வேண்டியிருந்தார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் முடியும்போது எங்களில் ஒருவரை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை நாங்கள் நால்வரும் பல முறை படித்தோம்.

நான் வலியசாலைத் தமிழ் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி நாட்களிலிருந்தே தெருவில் நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கோயில் உற்சவம் எந்த வருஷம் மழையில் நனைந்தது, மூலை வீட்டை எப்போது இடித்தார்கள், எந்த வீட்டுப் பிள்ளை எப்போது துபாய்க்குப் போனான் என்று எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ் தேதி ஒரு பக்கம், கொல்லம் தேதி ஒரு பக்கம். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்பா மட்டும் எப்போதாவது, "காஸ் புக் பண்ணினது என்னிக்கிடி?" என்று கேட்பார்.

கழக்கூட்டத்தில் இடம் கிடைத்த செய்தியை, போட்டுக்கொண்டு போகிற துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே வீட்டில் சொன்னபோது அப்பா பேப்பரை மடக்கி வைத்தார்.

"ஹிஸ்டரி படிச்சவாளையும் அங்க எடுக்கறாளாக்கும்! நன்னாருக்கு."

"வேலை இல்லைப்பா. இன்டெர்ன்ஷிப்."

"சம்பளம் உண்டோ?" என்றாள் அம்மா.

"கிடையாது."

"பின்னே எதுக்குடி இத்தனை இஸ்திரி போட்டுண்டு நிக்கறாய்?"

நான் நினைத்து நினைத்துச் சிரிக்கிற வாக்கியம் அது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நால்வரில் எனக்கு நெருக்கமானவள் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா செங்கோட்டைப் பக்கத்திலிருந்து இளவயதில் இங்கே வந்து, ஓட்டல் ஒன்றில் தோசை மாஸ்டராக இருந்தார். அவள் இங்கே பிறந்தவள்; பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம்; வீட்டில் பேசுவது அப்பாவின் ஊர்த் தமிழ். இரண்டையும் கலந்து அவள் பேசும்போது பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுடைய அப்பாவுக்கு வருஷக்கணக்காகத் தோசைக்கல்லின் முன்னால் நின்று இரண்டு முட்டிகளும் போயிருந்தன. எம்.ஏ. முடியும் வரை நான் நிற்கிறேன், அதற்குள் படித்த வேலை ஒன்று தேடிக்கொள், கிடைக்காவிட்டால் ஏதாவது கடையில் வேலைக்குப் போ என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். கோபமாகச் சொன்னதில்லை. தன் கால் எவ்வளவு நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்த ஒரு வேலை மற்ற எங்கள் மூன்று பேருக்கு ஆசையாக இருந்தது, அவளுக்குத் தேவையாக இருந்தது.

மகர மாதக் கடைசியில், பிப்ரவரியில், போக ஆரம்பித்தோம்; மீனம் முடியும் வரை இரண்டு மாதம். கிழக்கே கோட்டையிலிருந்து பஸ். நெடுஞ்சாலையில் பாலத்துக்குக் கீழே நகராமல் நிற்கும்போது அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்குவாள். கம்பெனி வாசலில் காவலாளிகள் ஒவ்வொரு நாளும் எங்கள் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிடுவார்கள். அதில் 'விசிட்டர்' என்று இருக்கும். மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் அட்டையைக் கதவில் காட்டினால் திறந்துகொள்ளும். எங்கள் அட்டைக்குத் திறக்காது. தண்ணீர் குடிக்கப் போனால்கூட யாராவது உள்ளே வரும் வரை காத்திருந்து அவர்கள் பின்னால் நுழைய வேண்டும். "கல்யாண வீட்டுக்குள்ள அழைப்பில்லாமப் போற மாதிரில்லா இருக்கு" என்பாள் அவள்.

எங்களுக்கு மேலே ஒரு டீம் லீடர் இருந்தார். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. முதல் நாள் எங்களை உட்கார வைத்து, "ஹிஸ்டரிக்காரரல்லே? கம்ப்யூட்டர் கடிக்காது, பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். பிறகு வேலையைக் காட்டினார்.

திரையின் இடது பக்கம் காகிதத்தின் படம் வரும். வலது பக்கம் பெட்டிகள் இருக்கும். காகிதத்தில் உள்ள கொல்லம் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் பார்த்துப் போட வேண்டும். என்ன விஷயம் என்று இரண்டு வரி எழுத வேண்டும். அதற்குக் கீழே 'ஆங்கிலத் தேதி' என்று சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதை நாங்கள் தொட முடியாது. கொல்லம் தேதியைப் போட்டவுடன் அது தானாக நிரம்பிவிடும். சேமி என்று அழுத்தினால் அடுத்த காகிதம் வரும். நாளொன்றுக்கு இத்தனை காகிதம் என்று ஓர் இலக்கு. யார் எவ்வளவு முடித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் வாரத்திலிருந்தே அந்தச் சுவரில் அவள் பெயர்தான் மேலே நின்றது. பழைய எழுத்தை அவள் ஏதோ சினிமா போஸ்டர் போல வாசித்துக்கொண்டு போவாள். நான் கடைசிக்கு முன்னால் இருந்தேன். ஒரு காகிதத்தில் சமையல்காரன் ஓடிப்போனான் என்றிருந்தால், அவன் திரும்பி வந்தானா என்று அடுத்தடுத்த காகிதங்களில் தேடுவேன். இலக்குக்கும் அதற்கும் ஒத்துவராது.

அப்படித் தேடும்போதுதான் பிழை கண்ணில் பட்டது. ஒரு தனு மாதத் தொடக்கத்தில், தமிழுக்கு மார்கழியில், ஊட்டுப்புரையின் வடக்கு மதில் மழையில் இடிந்து விழுந்திருக்கிறது. அடுத்த மாதம், மகரத்தில், அதைக் கட்டச் செங்கல் வாங்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கொல்லம் ஆண்டு. ஆனால் சாம்பல் பெட்டியில் செங்கல் வாங்கியது ஜனவரியிலும், மதில் விழுந்தது அதே வருஷம் டிசம்பரிலும் இருந்தன. விழப்போகிற மதிலுக்குப் பதினோரு மாதம் முன்பே செங்கல் வாங்கி வைத்திருந்தார்கள்.

காரணம் எளிது. கொல்லம் ஆண்டு இந்தப் பக்கத்தில் சிங்க மாதம் முதல் தேதி, ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. தனு பாதி வரைக்கும் கொல்லம் ஆண்டோடு எண்ணூற்று இருபத்துநான்கைக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். தனு பாதியில் ஜனவரி பிறந்துவிடுவதால், அதற்குப் பிறகு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்ட வேண்டும். மென்பொருள் எழுதியவர் எல்லாவற்றுக்கும் எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டிவிட்டார். எங்கோ ஒரு வரியில் அப்படிப் படித்திருப்பார். வடக்கே மலபாரில் ஆண்டு கன்னியில் பிறக்கும். அது வேறு தொல்லை. வருஷத்தில் நான்கரை மாதத்துக் காகிதங்கள் முழுவதும் ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தன.

நான் டீம் லீடரிடம் போய், இந்தப் பெட்டி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று மட்டும் கேட்டேன்.

"அது டெவலப்மென்ட் டீம் பார்ப்பது, மோளே," என்றார். "நீ இடது பக்கம் பார், வலது பக்கம் போடு. இது பிஹெச்டி ஒண்ணும் அல்லல்லோ."

மேலே பேச வாய் திறப்பதற்குள் அவருக்கு ஃபோன் வந்துவிட்டது.

மதியம் சாப்பிடும்போது என் தோழியிடம் சொன்னேன். நாங்கள் காண்டீனுக்குள் போவதில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் ஒரு சிமென்ட் திட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மதிலையும் செங்கலையும் விளக்கமாகச் சொல்லி முடித்தேன். அவள் தோசையை மிளகாய்ப் பொடியில் தொட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் என்ன கொண்டுவந்தாலும் இருவரும் சாப்பிடுவது அவள் அப்பா சுட்ட தோசையாகத்தான் இருக்கும்.

"இதை இப்பதான் கண்டுபிடிச்சியா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு முத வாரமே தெரியும்ட்டி. எங்க ஊரு முந்தி மலையாள ராஜா கீழதான இருந்துச்சு, பழைய பத்திரம் பூரா கொல்லம்தான். எங்க பெரியப்பா வீட்டுப் பாகப் பிரிவினைச் சண்டை இந்த ஒரு வருஷத்தாலதான் கோர்ட்டு வரைக்கும் போச்சு. எனக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்போ ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன ஆவும்? எல்லாத்தையும் நிறுத்துவான். போட்டது பூரா திருப்பிப் போடச் சொல்லுவான். ஆரு நிறையப் போட்டிருக்கா? நான். அப்போ ஆரு தப்பு நிறைய? எனக்குத்தான். சொவத்துல எம் பேரு மேல நிக்கி. அது அப்படியே நிக்கட்டும்ட்டி, மீனம் கழியிற வரைக்கும்."

"தப்புன்னு தெரிஞ்சுண்டே தினம் போடறதா?"

"நான் கொல்லம் தேதி சரியாத்தான போடுதேன்? பின்னே? அந்தச் சாம்பப் பெட்டி நான் போடலையே." கையைத் துடைத்துக்கொண்டாள். குரல் இறங்கியது. "ஆர்டர் கையில வரட்டும். உள்ள போனப்புறம் நானே சொல்லுதேன். வெளிய இருந்து சொன்னா விசிட்டர் சொல்லுதான்னு விடுவான். உள்ள இருந்து சொன்னா கேப்பான். ஒரே ஒரு கணக்கு மாத்தினா எல்லாம் தானா மாறிரும். நீ சும்மா இரு. எனக்காவ இரு."

அவள் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. கணக்கு ஓரிடத்தில் திருத்தப்பட்டால் காகிதங்கள் எல்லாம் தாமாகவே சரியாகும் என்பது உண்மைதான். நான் சரி என்றேன்.

அதன் பிறகு கும்ப மாதம் முழுவதும் நாங்கள் ஒரு பிழைக்குள் உட்கார்ந்து வேலை செய்தோம். சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம் என்று காகிதம் வந்தால் என் விரல் ஒரு நொடி நிற்கும். பெட்டி நிரம்பும். சேமி என்று அழுத்துவேன். சின்ன வயதிலிருந்து நான் ஒரு காரியத்தைத்தான் ஓரளவு ஒழுங்காகச் செய்து வந்திருக்கிறேன், நடந்ததை நடந்த நாளில் வைப்பது. அதற்கு நேர்மாறானதை ஒரு நாளைக்கு இத்தனை என்று இலக்கு வைத்துச் செய்தேன். அது நான் செய்த முதல் வேலை. வீட்டுக்கு வந்து தெருக் குறிப்பு எழுதுவதும் அந்த மாதம் நின்றுபோயிற்று. அம்மா, "கண்ணெல்லாம் குழிஞ்சு போச்சு, வேண்டாம்னா விட்டுடேன்" என்றாள். விட்டுவிடுவதற்கு அது வேலையும் இல்லை.

மீனத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, முடிந்த பகுதியைக் காட்டுவதற்காக அறக்கட்டளையின் காரியதரிசியை வரவழைத்தார்கள். ஓய்வுபெற்ற என்ஜினியர், அந்தக் குடும்பத்துக்காரர். எங்கள் நால்வரையும் சுவரோரம் உட்கார வைத்தார்கள். டீம் லீடர் என் தோழியைக் காட்டி, "சாரே, இந்தக் குட்டிதான் எங்கள் ஸ்டார். இவளை எடுத்துக்கொள்ளப் போகிறோம்" என்று மலையாளத்தில் சொன்னார். அதை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவள் தலை குனிந்துகொண்டாள். காது சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

காரியதரிசி ஆசையோடு கணினி முன் உட்கார்ந்தார். என்ன தேடட்டும் என்று டீம் லீடர் கேட்டார். "எங்கள் மூத்த காரணவர் பெயரைப் போடும். கூடத்தில் அவர் படம்தான் மாட்டியிருக்கிறது" என்றார். காரணவர் என்றால் குடும்பத்தை ஆண்ட மாமன். பெயரைப் போட்டதும் அவர் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்ட காகிதங்கள் வரிசையாக வந்தன. காரியதரிசி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். ஒன்றில் நின்றார்.

"இது நவம்பர் அல்லே?"

"அதே சார்."

"காரணவர் இதே வருஷம் ஜூனில் போய்விட்டாரே. படத்தின் கீழே தேதி இருக்கிறது, தினமும் விளக்கு வைத்துப் பார்க்கிறேன். ஜூனில் மரிச்ச ஆள் நவம்பரில் எங்கிருந்து ஒப்பு போட்டார்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். காரியதரிசியும் சிரித்தார். பிறகு இன்னொரு காகிதத்தைத் திறந்தார், பிறகு இன்னொன்று. சிரிப்பு நின்றது. அவருக்குக் கணக்குத் தெரியும், என்ஜினியர். ஐந்து நிமிஷத்தில் எங்கே ஒரு வருஷம் போயிற்று என்று கண்டுபிடித்துவிட்டார்.

டீம் லீடர் திரையைப் பார்த்துக்கொண்டே, "டேட்டா என்ட்ரியில் வந்த தவறாயிருக்கும் சார். ஸ்டூடன்ட்ஸ் ஆணு செய்தது" என்றார். மாணவர்கள்தான் செய்தது என்று அர்த்தம்.

காரியதரிசி எங்கள் பக்கம் திரும்பினார். "ஹிஸ்டரி ஸ்டூடன்ட்ஸ் அல்லே?" என்றார். "கொல்லம் வருஷம் எப்போது தொடங்கும் என்று எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எம்.ஏ. வரை வந்து நீங்கள் இதைப் படிக்கவில்லையா?"

நான் எழுந்து நின்றேன். "சார், அந்தப் பெட்டி தானாக நிரம்புவது. எங்களால் தொட முடியாது" என்றேன்.

டீம் லீடர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைக் கண்டேன். கணக்குத் தன் பக்கத்துப் பிழை என்று ஆகிவிட்டால் அவருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. "அப்போது தவறு என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?" என்று கேட்டார். "தெரிந்திருந்தால் ஏன் யாரும் சொல்லவில்லை? தெரிந்தே இவ்வளவு நாள் போட்டீர்கள் என்றால் எப்படி நான் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவது? நேராகச் சொல்லுங்கள். தெரியுமா, தெரியாதா?"

அது கேள்வியே இல்லை. இரண்டு பக்கமும் சுவர். பெட்டியைப் பற்றி நான் அவரிடம் கேட்டதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் கேட்டது பெட்டி எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதுதான், தவறு என்று சொல்லவில்லை.

அவள் எழுந்தாள்.

"தெரியாது சார்" என்றாள் மலையாளத்தில், தெளிவாக. "எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தேதி மாற்றுவது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்தான் நிறையப் போட்டேன். தவறு என்னுடையது."

காரியதரிசி தலையை ஆட்டினார். கோபமில்லை, வருத்தம்தான். "பாவம் குட்டிகள். இப்போது இப்படித்தான் படிப்பிக்கிறார்கள்" என்றார். டீம் லீடர் மூச்சு விட்டார். யாரோ சாயா கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள்.

அன்று மாலை அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மற்ற இருவரும் ரயிலுக்குப் போய்விட்டார்கள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"ஏன் தெரியாதுன்னு சொன்னே?" என்றேன்.

"தெரியும்னா நாலு பேத்துக்கும் சர்ட்டிபிகேட் இல்ல. தெரியாதுன்னா எனக்கு வேலை மட்டுந்தான் இல்ல. நீதான பெரிய கணக்குக்காரி, கூட்டிப் பாரு."

"வேலை போயிடுத்துன்னு யார் சொன்னா? அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"ஏட்டி, தேதி தெரியாத ஹிஸ்டரிக்காரிய எவன் எடுப்பான்?" என்று சொல்லிச் சிரித்தாள். பஸ் வந்தது. உட்கார இடமில்லை. அவளுக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கோட்டை வரைக்கும் நின்றே வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும்படி அவள் நிற்கவில்லை.

சர்ட்டிபிகேட் நால்வருக்கும் வந்தது. திருப்திகரமாக முடித்தார்கள் என்று எழுதியிருந்தது. வேலைக்கு ஆள் எடுப்பது இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று தனியாக ஒரு மின்னஞ்சலும் வந்தது. கல்லூரியில் எங்கள் வழிகாட்டியிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இதையெல்லாம் அறிக்கையில் எழுத வேண்டாம். எதிர்கொண்ட சவால்கள் என்ற தலைப்பில் நேர மேலாண்மை என்று எழுது. அடுத்த வருஷமும் அவர்கள் பிள்ளைகளை எடுக்க வேண்டாமா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். வேறு இடம் அவருக்கும் கிடைக்காது. நேர மேலாண்மை என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். குழுவாக வேலை செய்வது என்றேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அடுத்த வருஷப் பிள்ளைகளில் ஆறு பேரை அதே கம்பெனி எடுத்தது. தேதி திருத்துவதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. கணக்கை ஓரிடத்தில் மாற்றாமல், பெட்டியைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு காகிதத்துக்கும் கையால் போடச் சொன்னார்களாம். அவர்களுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதைச் சொன்ன பெண் மிகவும் உற்சாகமாக இருந்தாள். நான் வாழ்த்துச் சொன்னேன்.

அதற்கு முன்பே எங்கள் எம்.ஏ. முடிந்திருந்தது. நான் பாங்க் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தேன். ஆவணம் சம்பந்தமான தற்காலிக வேலை இரண்டுக்கு விண்ணப்பித்தேன். இரண்டுக்கும் முன் அனுபவம் கேட்டார்கள். எங்கள் சர்ட்டிபிகேட்டை அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள், அது பயிற்சியாம். அவளும் விண்ணப்பித்தாள். பள்ளிகளில் கேட்டாள், பி.எட். இல்லை. டியூஷன் சென்டரில் கேட்டாள், கணக்கும் சயன்ஸும் எடுப்பாயா என்றார்கள். கர்க்கடக மாத மழையில், ஆடியில், அவளுடைய அப்பா ஓட்டலில் கல்லின் முன்னாலேயே சரிந்துவிட்டார். எழுந்து மறுநாளும் போனார். பிறகு போக முடியவில்லை.

சிங்கத்தில் ஓணத்துக்கு முன்னால், ஒரு மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பழவங்காடியில் ஒரு பெரிய துணிக்கடையில் பில் போட ஆள் வேண்டும் என்று தெரிந்து, போய் வேலை கேட்டிருக்கிறாள். கையில் இருந்த சுய விவரத்தாளை மேனேஜர் வாங்கிப் பார்த்திருக்கிறார்.

"என்ன சொன்னார்?"

"எம்.ஏ.யான்னாரு. ரெண்டு மாசத்துல பரீட்சை எழுதிட்டு சர்க்கார் வேலைக்குப் போயிருவே, எங்களுக்கு நிக்கிற ஆளு வேணும், பிளஸ் டூ முடிச்ச பிள்ள ஆராவது இருந்தா அனுப்புன்னாரு." நாற்காலியை இழுத்து என் லேப்டாப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அதான், பிளஸ் டூ முடிச்ச பிள்ளய அனுப்பலாம்னு வந்தேன். அடிச்சுக் குடு."

"அவர் மூஞ்சியை ஞாபகம் வச்சுண்டிருக்க மாட்டாரா?"

"வேற கடைட்டி இது. பக்கத்துக் கடை. நான் என்ன புத்தி கெட்ட மண்டியா?"

அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "இருக்காரு மாமி, உக்காந்து தோசை சுட முடியுமான்னு பாத்துட்டிருக்காரு" என்றாள். அம்மாவுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை, உள்ளே போய்விட்டாள்.

நான் பழைய தாளைத் திரையில் திறந்தேன். இன்டெர்ன்ஷிப் என்றிருந்த வரிகளை முதலில் அழித்தேன். எம்.ஏ. வரியை அழித்தேன். அவள் பி.ஏ.வில் கல்லூரியிலேயே முதலாக வந்தவள். அந்த வரியின் மேல் கை நின்றது.

"அதையும் சேத்து எடு."

எடுத்தேன். தாள் பாதியாகிவிட்டது. பிளஸ் டூ முடித்த வருஷம் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் வாய் மூடிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்திருக்கலாம். என் குணம், கேட்டேன்.

"நடுவுல அஞ்சு வருஷம் காலியா நிக்கறது. எங்கே இருந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"வீட்ல சும்மா இருந்தேம்பேன்."

"அஞ்சு வருஷமா?"

அவள் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏட்டி, பொம்பளப் பிள்ள அஞ்சு வருஷம் வீட்ல சும்மா இருந்தேன்னா, ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்."

இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மழை விட்டிருந்தது. அந்த வாரமே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை என்று ஃபோனில் சொன்னாள்.